பாதியில் நின்ற கட்டங்கள்: யாழ்ப்பாணத்துச் சித்திரக்காரரும் அவர்களின் பழைய கொப்பிகளும்

சித்திரக்கதை வரைகிறவர் தன் பழைய கொப்பிகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது எந்த நாட்டிலும் நடக்கிற காரியம். ஐந்தாறு கட்டம் வரைந்து நிறுத்திய கதை, முகம் அமைந்தும் பெயர் அமையாத பாத்திரம், பக்க ஓரத்தில் கிறுக்கிவைத்த ஒற்றை வசனம் என்று அவற்றில் கிடப்பவை ஏராளம். வேறு ஊர்களில் கொப்பியைத் திறப்பவர் தன்னைத்தானே கேட்பது ஒரு தொழிற்கேள்வி: இதில் இன்னும் உயிர் இருக்கிறதா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு முன்பாக வேறு இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. கொப்பி எஞ்சியிருக்கிறதா? எஞ்சியிருந்தால், கதை ஏன் அந்தப் பக்கத்தோடு நின்றது?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுபோன கோட்டை நின்ற இடத்திலேயே விட்டு, திகதியோடு காப்பாற்ற வேண்டும். தொடர விரும்புகிறவர் புதுத் தாளில் தொடரட்டும். பழையதன் மேல் மை பூசி முடித்துவைப்பதும், அழகில்லை என்று ஒதுக்கி எறிவதும் ஒரே இழப்பில்தான் முடிகின்றன. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், எழுத்தைப் பற்றி நாம் ஓரளவு கற்றுக்கொண்டதை வரைபடத்தைப் பற்றி இன்னும் கற்றுக்கொள்ளாததுதான்.

குடாநாட்டில் இந்தப் பேச்சைச் சிரித்திரன் சுந்தரிலிருந்துதான் தொடங்க முடியும். கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம் படிப்புக்காகப் பம்பாய் போய், அங்கே கார்ட்டூன் வரையத் தொடங்கி, ஊர் திரும்பித் தினகரனில் சவாரித் தம்பரை நடமாட விட்டவர். 1963இல் கொழும்பில் சிரித்திரனைத் தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்துக்கு வந்து, முப்பது ஆண்டுக்கும் மேலான காலம் இடைவெளிகளோடு நீடித்தது. சுந்தர் 1996இல் காலமானார். சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும், மைனர் மச்சானும், மெயில் வாகனத்தாரும், கணவன் பெயரை ஆங்கில நாக்கில் உருட்டிக்கொண்ட மிஸிஸ் டாமோடிரனும் இன்றும் எங்கள் வீடுகளில் ஆட்களைக் குறிக்கப் பயன்படுகிற பெயர்கள். "அவன் ஒரு மைனர் மச்சான்" என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சுந்தரின் வேலைமுறையை அந்தப் பாத்திரங்களே காட்டித்தருகின்றன. அவர் தன் உலகத்தை அரசியல் தலைவர்களின் முகங்களால் நிரப்பவில்லை. ஊர் மனிதர்களால் நிரப்பினார். மாட்டுவண்டிச் சவாரிப் பித்துப்பிடித்த வடமராட்சிக் கிழவருக்கு இன்று ஒரு வசனம் பொருந்தாவிட்டால் ஆறு மாதம் கழித்து மெயில் வாகனத்தாருக்குப் பொருந்தும். நிலையான பாத்திரக் கூட்டத்தை வைத்திருக்கும் கேலிச்சித்திரக்காரருக்கு எந்த யோசனையும் முழுதாகக் கைவிடப்படுவதில்லை. இன்னொரு வாய்க்காகக் காத்திருக்கிறது. தானே ஆசிரியராகவும் ஓவியராகவும் இருந்து, மகுடி என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் எழுதிய ஒருவருக்கு, பயன்படாமல் போன பென்சில் கீறல் என்பது அடுத்த இதழுக்கான விதைநெல்.

ஆனால் இன்று நம் கையில் இருப்பது விளைச்சல் மட்டும்தான். சிரித்திரன் இதழ்களில் பலவற்றை நூலகம் நிறுவனம் மின்வடிவமாக்கி வைத்திருக்கிறது. 2005இல் தொடங்கிய அந்த முயற்சி இல்லையென்றால் சுந்தரைப் பற்றிய எந்தப் பேச்சும் ஞாபகப் பேச்சாகவே முடிந்திருக்கும். அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈய எழுத்து அச்சுக் காலத்தில் ஒரு கார்ட்டூன் வாசகரை வந்தடைந்த வழி நீளமானது. ஓவியர் அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக, கறுப்பு இந்தியன் இங்கில் வரைவார். அது புகைப்படமாகி, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரிக்கப்பட்டு, மரக்கட்டையில் அறையப்பட்டு, புளொக்காக எழுத்துகளோடு சேர்ந்து அச்சேறும். மெல்லிய கோடுகள் அங்கேயே மடிந்துபோகும். வெள்ளை மை பூசி மறைத்த பிழை அச்சில் தெரியாது. முதலில் எழுதி அடித்துவிட்ட வசனம் தெரியாது. வேலை முடிந்த மூலப்படம் எத்தனையோ அச்சுக்கூடங்களில் கழிவுத்தாளோடு போனது. புளொக்குக்குக் காசு பெறுமதி இருந்தது, படத்துக்கு இருக்கவில்லை. ஆகவே சிரித்திரனின் ஒரு பக்கத்தை இன்று திரையில் பார்க்கிறவர் சுந்தரின் முடிவைப் பார்க்கிறார். அவர் தயங்கிய இடங்கள் அதில் இல்லை.

தன் தயக்கங்களைப் பற்றிச் சுந்தரே பேசவும் செய்தார். 'கார்ட்டூன் ஓவிய உலகில் நான்' என்ற அவருடைய நூல், ஈழத்தமிழில் ஒரு கேலிச்சித்திரக்காரர் தன் தொழிலை நின்று திரும்பிப் பார்த்த அரிய முயற்சி. அதைப் போல இன்னும் பத்துப் புத்தகங்கள் நமக்கு இருந்திருக்க வேண்டும். எழுத்தாளர்கள் முன்னுரைகளிலும் நேர்காணல்களிலும் தங்கள் கதை பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். படம் வரைந்தவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. கதைக்குப் பக்கத்தில் வருகிற படம் என்றே நம் இதழியல் அவர்களை நடத்தியது. மல்லிகை, அலை ஆகிய இதழ்கள் எழுதவைத்த தலைமுறைக்குத் திறனாய்வு இருக்கிறது. அதே காலத்தில் அட்டையும் உள்படமும் வரைந்தவர்களுக்குக் கையொப்பம் மட்டும் இருக்கிறது, சிலருக்கு அதுவும் இல்லை.

சித்திரக்கதை வாசிக்கிற பழக்கம் இங்கே வலுவாகவே இருந்தது. அம்புலிமாமாவும், சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும் கைமாறிக் கைமாறிக் கிழிந்த புத்தகங்கள். 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் இதழ்களுக்கும் பதிப்புகளுக்கும் ஓர் இடம் திறந்தது. சிரித்திரன் வேர்விட்டதற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம். ஆனாலும் நெடுங்கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் சித்திரநூல் மரபு இங்கே நிலைகொள்ளவில்லை. ஒற்றைக் கட்டக் கார்ட்டூன் ஒரு பத்திரிகையில் மூலை ஒன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். நூறு பக்கச் சித்திரக்கதைக்குத் தாள் வேண்டும், புளொக்குக்குப் பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த ஆண்டும் இதே வீட்டில், இதே மேசையில் இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். கடைசியில் சொன்னதுதான் நம்மிடம் அறவே இல்லாமல் போனது.

1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது 97,000 நூல்கள் என்ற கணக்கை எல்லோரும் சொல்கிறோம். அதே நாட்களில் ஈழநாடு நாளேட்டின் பணிமனையும் எரிந்தது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி நாளேடுகளின் அச்சகங்களைத் தகர்த்தது. நூலகத்தில் எரிந்ததற்குப் பட்டியல் இருந்தது, எண்ணிக்கை இருந்தது. பத்திரிகைப் பணிமனை ஒன்றின் மேசை லாச்சிக்குள் கிடக்கிற வரைபடத்துக்கு எண்ணிக்கை கிடையாது. வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கும் என்ற ஆறுதலும் கிடையாது. அச்சிட்ட நூலுக்கும் கையால் வரைந்த தாளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது. ஒன்று எரிந்தால் ஒரு பிரதி போகிறது. மற்றது எரிந்தால் அந்தப் படமே போகிறது.

அதன்பின் 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, அரிசி, குழந்தையின் பால்மா என்று தூக்கிப்போனவற்றின் வரிசையில் பாதி வரைந்த கொப்பிக்கு எந்த வீட்டில் இடம் கிடைத்திருக்கும்? குருநகரில் பிறந்து குடாநாட்டின் நவீன ஓவியத்துக்குப் பெரும் பங்களித்த அ. மாற்குவின் படைப்புகள் பெருமளவு இடப்பெயர்வில் தொலைந்தன. 1987இல் நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து வெளியிட்ட 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு இல்லாவிட்டால் அவரைப் பற்றி நம்மிடம் எஞ்சுவது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். மாற்கு சித்திரக்கதைக்காரர் அல்லர். ஆனால் சட்டமிட்டுச் சுவரில் தொங்கிய படத்துக்கே இந்தக் கதி என்றால், றங்குப்பெட்டிக்குள் கிடந்த பென்சில் கட்டங்களின் கதி என்ன என்பதை அவருடைய அனுபவம் சொல்லிவிடுகிறது.

ஏன் நின்றது என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதில் அவசரமான பதில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது: யுத்தம். அந்தப் பதில் பெரும்பாலும் சரி, ஆனால் போதாது. 1990இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் தாளும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. நாளேடுகள் பாடசாலைக் கொப்பித் தாளிலும் கிடைத்த நிறத் தாளிலும் வந்தன. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுதலாம், படிக்கலாம். மெல்லிய தூரிகைக் கோடு இழுப்பது கடினம். இப்படி நின்றவை ஒரு வகை.

பயத்தால் நின்றவை இன்னொரு வகை. இதைப் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுவது நேர்மையாகாது. ஓவியமும் எழுத்தும் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் நடுவே இருந்தன. கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. 2006 மே 2 அன்று உதயன் நாளேட்டின் பணிமனைக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். தெற்கில், கேலிச்சித்திரமும் வரைந்த பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட 2010 சனவரி 24 அன்று காணாமலாக்கப்பட்டார். இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் தன் கொப்பியில் ஒரு சீருடையை வரைந்துவிட்டு, அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டால், அந்த வெறுமை வரைந்த கட்டத்தைவிட அதிகம் சொல்லும். அதனால்தான் வெற்றுக் கட்டத்தையும் படமாகக் கருதிக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது வகையும் உண்டு, அதுதான் எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும்: கதை சரியாக வராததால் நின்றவை. வரைகிறவருக்குக் குதிரை வராது, கதைக்குக் குதிரை வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துபோகும். இரும்புக்கை மாயாவியைப் பார்த்து வரைந்த வீரனுக்குச் சுன்னாகம் சந்தையில் என்ன வேலை என்று புரியாமல் போகும். இவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதினால் ஓவியரை நாம் கலைஞராக மதிக்கவில்லை, பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்க்கிறோம் என்றாகிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரக்காரருக்கும் சாதாரணமாகத் தோற்பதற்கான உரிமை உண்டு. பழைய கொப்பியைத் திறந்து, "இது கூடாது, நான் அப்ப சின்னப் பெடியன்" என்று சிரித்து மூடவும் அவருக்கு இடம் விட வேண்டும்.

வேறு நாடுகளில் இத்தகைய தாள்களை என்ன செய்தார்கள்? டின்டினைப் படைத்த ஹெர்ஜே 1983இல் இறந்தபோது 'டின்டினும் ஆல்ஃப் ஆர்ட்டும்' பென்சில் வரைவு நிலையில் நின்றது. உடன் வேலை செய்தவர்கள் முடித்துக்கொடுக்கத் தயாராக இருந்தும், 1986இல் அது முடிக்கப்படாத வரைவாகவே நூலாக வந்தது. அந்த நூலைப் புரட்டுகிறவர் ஒரு மூத்த கலைஞரின் கை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கண்ணால் காண்கிறார்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஆர்ட் ஸ்பீகல்மனிடம் இருக்கிறது. யூதப் படுகொலையிலிருந்து தப்பிய தன் தகப்பனின் கதையை எலியும் பூனையுமாக வரைந்த 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அதன் முதல் வடிவம் 1972இல் அவர் வரைந்த மூன்றே பக்கம். அந்த மூன்று பக்கத்துக்குத் திரும்பிவந்து, தகப்பனை உட்காரவைத்துப் பேசவிட்டு, பல ஆண்டு உழைத்துத்தான் பெருநூல் பிறந்தது. தாயின் தற்கொலை பற்றி இளவயதில் வேறொரு பாணியில், இருண்ட கோடுகளால் வரைந்த சிறு சித்திரக்கதை ஒன்றும் அவரிடம் இருந்தது. அதை அவர் மௌஸின் பாணிக்கு மாற்றி வரையவில்லை. பழைய பக்கங்களை அப்படியே, அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கைவிரலோடு, புதிய நூலின் நடுவில் வைத்தார். நூலுக்குள் தகப்பன் அதை வாசித்துக் கலங்குகிறார். தாயின் நாட்குறிப்புகளைத் தகப்பன் எரித்துவிட்ட செய்தியும் அதே நூலில் வருகிறது. எரிந்த கொப்பியும் எஞ்சிய கொப்பியும் ஒரே குடும்பத்தில், ஒரே நூலில் எதிரெதிரே நிற்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகசாவா நெடுங்காலம் அதைப் பற்றி வரையாமல் இருந்தவர். 1966இல் தாய் இறந்து, தகனத்தின் பின் எலும்பும் மிஞ்சாமல் சாம்பலே கிடைத்தபோது கிளம்பிய கோபம்தான் அவரை அந்தப் பொருளுக்குள் தள்ளியது. முதலில் சிறு கதைகள், 1972இல் தன் சொந்த அனுபவமாக 'நான் பார்த்தேன்', 1973இலிருந்து நெடுந்தொடராக 'வெறுங்கால் கென்'. ஒரே நாளை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். ஒவ்வொரு முறையும் முந்திய வடிவம் அழிக்கப்படாமல் நின்றதால், ஒரு மனிதர் பேச முடியாத ஒன்றைப் பேசக் கற்றுக்கொண்ட படிகளை நாம் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது.

நம் ஊரில் இதற்கு நிகரான சிந்தனை சித்திரக்கதைக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முடிவுறாத் தோம்பு' (தோம்பு என்பது காணிப் பதிவேடு) நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். அதைக் கட்டடக்கலைஞர் ஒழுங்குபடுத்தி வரைய, மூன்றாவதாக ஓவியரின் படம் வருகிறது. கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எந்தப் பக்கம் என்று நடுங்கிய கையால் கீறிய முதல் கோடு, பின்வந்த நேர்த்தியான கோட்டுக்கு இடங்கொடுத்து மறையவில்லை. மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்த வரிசையை ஒரு சித்திரக்காரர் தன் சொந்தக் கொப்பிக்கே செய்யலாம்: 1988இல் வரைந்த கட்டம், அதைப் பற்றி இன்று சொல்லும் பேச்சு, அதே கட்டத்தை இன்று வரைந்தால் வரும் படம்.

சனாதனனும் முகனட் காதரும் சந்திரகுப்த தேனுவரவும் ஜகத் வீரசிங்கவும் 2005 முதல் 2007 வரை தங்களுக்குள் தபாலில் வரைபடங்களை அனுப்பி, ஒருவர் படத்துக்கு மற்றவர் படத்தால் பதில் சொன்ன முயற்சியும் இங்கே நினைக்கத்தக்கது. 208 வரைபடங்கள் சேர்ந்தன. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட காலமும் அதற்குள் அடங்கும். ஒரு படத்துக்கான பதிலை அதன் மேல் செய்யும் திருத்தமாகச் சொல்லாமல் இன்னொரு படமாகச் சொல்வது என்ற அந்த ஒழுங்கு, பழைய தன்னோடு பேச விரும்பும் எந்தக் கலைஞருக்கும் உதவும்.

வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களைப் பற்றிய விரிவான சித்திர நாவல் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறும் வரை அங்கே பணியாற்றிய பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' அது. தப்பிவந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டுப் பொறுப்போடு செய்த வேலை. அதை நான் மதிக்கிறேன். இருந்தும், சட்டி பானை அடுக்கியிருக்கும் விதம், உழவுயந்திரப் பெட்டியில் ஆச்சி உட்காரும் விதம், பங்கருக்குள் பிள்ளைகளின் கால்கள் மடங்கும் விதம் ஆகியவற்றை அங்கே இருந்தவர் வரையும்போது வேறொன்று கிடைக்கும். அப்படி வரைவதற்குப் புதிதாக ஒருவர் பிறந்து வரவேண்டியதில்லை. முகாம்களில் கிடைத்த தாளில் கீறியவர்களும், பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டவர்களும் இன்று முப்பது, நாற்பது வயதுக்காரர். அவர்களிடம் போய்க் கேட்பது யாருடைய வேலை என்பதுதான் தீர்மானிக்கப்படவில்லை.

வேலை அவசரமானது. மலிவான தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே மஞ்சளாகி நொறுங்கும். குடாநாட்டின் உப்புக் காற்றில் கொப்பியின் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். போல்பொயின்ற் மை மறுபக்கத்துக்கு ஊறும், பெல்ற் பேனா நிறம் வெளிறும், கறையானுக்கு ஓர் இரவு போதும். தற்கால ஓவியத்துக்கும் கட்டடக்கலைக்கும் வடிவமைப்புக்குமான ஆவணக் காப்பகம் ஒன்று 2013இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே தொடங்கி இயங்கியிருக்கிறது. நூலகம் நிறுவனத்துக்குப் பக்கம் பக்கமாக மின்வடிவமாக்கிய அனுபவம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஓவிய மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். இந்த மூன்றும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தாலே பாதி வேலை தொடங்கிவிடும்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிறத்தோடு, உயர் துல்லியத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். பின்பக்கத்தில் கணக்குப் பாடமோ கடன் கணக்கோ இருந்தால் அதுவும் இருக்கட்டும், பல வேளை திகதியை நிறுவுவது அதுதான். தாளின் மஞ்சளைக் கணினியில் வெளுக்கக்கூடாது. வசனத்தின் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூடாது. வடமராட்சிப் பேச்சும் தீவுப் பேச்சும் அந்தப் பிழைகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. நல்ல பக்கங்களைத் தெரிந்தெடுத்துக் கொப்பியைப் பிரிக்கக்கூடாது. வரைந்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் இருத்தி, பக்கம் புரட்டப் புரட்ட அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். "இது யார் ஐயா? இதை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்ற இரண்டு கேள்வி போதும்.

அவர் காட்ட மறுத்தால் அதோடு விட வேண்டும். கொப்பியில் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் இருக்கலாம், இயக்கத்துக்குப் போன அண்ணனின் முகம் இருக்கலாம், இன்றும் வெளியே தெரியக்கூடாத பெயர் இருக்கலாம். இத்தனை ஆண்டு கழித்து வெளியிடப்படுகிற படம் இன்றைக்கு ஒருவரை ஆபத்தில் தள்ள முடியும். பாதுகாப்பாக வைப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. குறித்த ஆண்டுவரை மூடி வைப்பது என்ற ஏற்பாட்டை ஆவணக் காப்பகங்கள் உலகெங்கும் செய்கின்றன, இங்கேயும் செய்யலாம்.

வரைந்தவர் இல்லாத வீடுகளில் பொறுப்பு பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். ஊரில் உள்ள வீட்டை விற்க வருகிறபோதுதான் றங்குப்பெட்டி திறபடுகிறது, பெரும்பாலும் இரண்டு கிழமை லீவுக்குள். நிலவளவையாளருக்கும் உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கும் நாள் ஒதுக்குகிற அந்த இரண்டு கிழமையில், கொப்பிகளை வரிசை குலையாமல் ஒரு மட்டைப்பெட்டியில் வைத்து, மேலே அப்பாவின் பெயரையும் ஊரையும் தெரிந்த ஆண்டையும் பென்சிலால் எழுதி, யாழ்ப்பாணத்தில் வாங்கிவைக்கக்கூடிய ஒரு காப்பகத்திடம் ஒப்படைக்க ஒரு முற்பகலையும் ஒதுக்குங்கள்.